பபிள் டயகிராமுக்கா பணம் கொடுத்தோம்?

கேள்வி: வீடு கட்ட ஆர்க்கிடெக்ட் ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். முதல் தவணை வாங்கிய பிறகு அவர் காட்டியது சில வட்டங்களும் அம்புக்குறிகளும் உள்ள ஒரே ஒரு தாள். முன்பு பார்த்த இன்னொருவரோ முதல் சந்திப்பிலேயே தத்ரூபமான 3டி படம் காட்டினார். ஏமாந்துவிட்டோமா?

பதில்: இல்லை. என்னைக் கேட்டால், உங்கள் ஆள் சரியான இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார். அந்தத் தாளுக்குப் பெயர்தான் பபிள் டயகிராம். அதிலுள்ள வட்டங்கள் அறைகள். கோடுகள், எந்த அறைக்கு எது பக்கத்தில் வேண்டும் என்பதைச் சொல்கின்றன. அளவு, சுவர், ஜன்னல் எதுவும் அதில் இருக்காது. உங்கள் மனதில் உள்ளதை அவர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று பார்ப்பதற்கான தாள் அது.

அதனால் சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள். பேனாவை எடுத்து உங்கள் ஒரு நாளை அதன்மேல் வரையுங்கள்: படுக்கையிலிருந்து குளியலறைக்கு, சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு, விருந்தாளி வாசலிலிருந்து நாற்காலிக்கு. ஜெர்மனியில் அலெக்சாண்டர் கிளைன் என்ற கட்டடக் கலைஞர் 1920-களின் இறுதியில் இப்படித்தான் நடமாட்டக் கோடுகளை வரைந்து வீட்டுப் பிளான்களை ஒப்பிட்டார். குளிக்கப் போகிறவர் விருந்தாளியைக் கடந்துதான் போக வேண்டும் என்றால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்திலேயே அது தெரிந்துவிடும்.

3டி படத்தில் இது தெரியாது. அகலமாகக் காட்டும் கேமரா கோணத்தில் சின்ன அறைகூட கூடம் மாதிரி இருக்கும். கேமரா நிற்கும் இடத்தில் உண்மையில் சுவர் இருக்கலாம். படம் பொய் என்று சொல்லவில்லை, ஆனால் அது விற்பதற்கான படம்.

அடுத்து, அளவு போட்ட பிளான் வரும். 1:50 அளவுகோலில் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலக் கட்டில் தாளில் 4 செ.மீ.க்கு 3 செ.மீ. அந்த அளவில் காகிதம் வெட்டி அறைக்குள் வைத்துப் பாருங்கள். கதவு திறக்க இடம் இருக்கிறதா? ஒன்று கவனம்: போனில் வந்த கோப்பை, தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சடித்தால் அளவுகோல் மாறிவிடும். அப்போது ஸ்கேலை நம்பாதீர்கள், எழுதியிருக்கும் எண்ணை நம்புங்கள்.

செக்‌ஷனையும் கேட்டு வாங்குங்கள்; வீட்டை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டும் வரைபடம் அது. அழகாக இல்லை என்று பலரும் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மாடிப்படி ஏறும்போது தலை இடிக்குமா, ஜன்னலின் அடி எந்த உயரத்தில் வரும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் டயகிராமை வைத்தே கட்டுமான ஒப்பந்தம் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. 3டி படத்தை வைத்தும் போடாதீர்கள். ஒப்பந்தத்தோடு இணைப்பது அளவு போட்ட வரைபடங்களாக இருக்கட்டும்; ஒவ்வொன்றிலும் தேதியும் திருத்த எண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரி கையில் பழைய பிளான், உங்கள் கையில் புதியது என்று ஆகிவிடும். ஆர்க்கிடெக்ட்டிடமும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்: எந்தத் தவணைக்கு எந்த வரைபடம், எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவார் என்று.