ஆபரேஷனுக்கு ரத்தம்: வாசலில் நிற்கும் புரோக்கரை நம்பாதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. அடுத்த வாரம் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை வாசலில் ஒருவர், ஆளுக்கு மூவாயிரம் கொடுத்தால் டோனரைக் கூட்டி வருவதாகச் சொல்கிறார். நோய் ஏதும் வந்துவிடுமோ என்று பயம். பேசாமல் நானே கொடுத்துவிடட்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: முதலில் அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்ற உத்தரவால் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. இத்தனை வருஷம் கழித்தும் இந்த வியாபாரம் நடப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

“எப்படியும் டெஸ்ட் பண்ணித்தானே ஏற்றுவார்கள்” என்பார் புரோக்கர். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தையும் பார்க்க வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் எச்.ஐ.வி. தொற்றிய முதல் இரண்டு மூன்று வாரம் வழக்கமான எலிசா டெஸ்டில் சிக்காமல் போகலாம். கொஞ்சம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும் ‘நாட்’ பரிசோதனையை எல்லா ரத்த வங்கிகளுக்கும் கட்டாயமாக்க இன்னும் எத்தனை பேர் பாதிக்கப்பட வேண்டும்? அதுவரை அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது டோனர் சொல்லும் உண்மை ஒன்றுதான். 2018-இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது எப்படி வெளியே வந்தது? ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தபோது விஷயம் தெரிந்து தானே போய்ச் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து சொல்வாரா?

சரி, நீங்கள் கொடுக்கலாமா? தாராளமாக. ஆனால் நீங்கள் கொடுத்த ரத்தப் பை அம்மாவுக்கே போகக் கூடாது. சொந்த ரத்தம்தான் பத்திரம் என்று எல்லோரும் நம்புகிறார்கள், அது தவறு. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி நோயாளியையே தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது அபூர்வம். அந்த வெள்ளையணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சு கொடுத்த பையாக இருந்தால் பிரச்சினை இல்லை. அந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. இன்னொன்று, குடும்பமே சுற்றி நிற்கும்போது ரத்த வங்கியில் “அப்படிப்பட்ட உறவு உண்டா, போதை ஊசி போட்டுக்கொள்வீர்களா” என்று கேட்டால் மைத்துனர் எப்படி வாய் திறப்பார்? அதனால் ரத்த வங்கியில் பொதுவாகக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு வேறொருவர் தானமாகக் கொடுத்த பையைக் கேளுங்கள். ‘இ-ரக்த்கோஷ்’ தளத்தில் எந்த வங்கியில் என்ன குரூப் இருப்பில் உள்ளது என்று பார்க்கலாம்.

பை வந்ததும் லேபிளைப் பாருங்கள். குரூப், பை எண், காலாவதி தேதி, வங்கியின் லைசென்ஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும். அம்மாவின் பெயரும் பை எண்ணும் கிராஸ்மேட்ச் (பை ரத்தம் அம்மாவின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று நர்ஸை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் ஏறட்டும் என்று பையை வெந்நீரில் போட விடாதீர்கள்.

அப்புறம், ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கிறதே, அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு? குறைவாக இருந்தால் இப்போதே இரும்புச்சத்து ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தமே ஏற்றத் தேவையில்லாமலும் போகலாம்.