மஞ்சள் லேசரை மட்டும் விட்டும் சோடியம் ஆவியில் பச்சை எப்படி வருகிறது?

கேள்வி: சோடியம் ஆவிக்குள் 589 நானோமீட்டர் மஞ்சள் லேசரைச் செலுத்தினால், அதைவிட ஆற்றல் கூடிய பச்சைக் கோடும் நிறமாலையில் தெரிகிறது. வாங்கியதைவிட அதிகமாக அணு எப்படித் திருப்பித் தரும்? ஒரே அணு இரண்டு ஃபோட்டானை (ஒளித்துகளை) விழுங்குகிறதா?

இல்லை, இது இரண்டு அணுக்கள் கட்டும் சீட்டு. ஒரு மஞ்சள் ஃபோட்டானை விழுங்கிக் கிளர்ந்த, அதாவது ஆற்றல் ஏறிய, அணுக்கள் ஆளுக்கு 2.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போடுகின்றன. மோதும்போது ஒன்று மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடும், மற்றது வெறுங்கையோடு தரைநிலைக்கு, அதாவது ஆற்றல் ஏறாத அடிப்படிக்கு, போய்விடும்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வு மாணவனாக இருந்தபோது நாலு வருடம் இதே வேலைதான். அந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பின்கட்டில் குடியிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டியைத் தெருவே ஆயா என்றுதான் கூப்பிடும். என் பரிசோதனை மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததைக் கேள்விப்பட்டு, "கண்ணு பட்டிருக்கு தம்பி" என்று உப்பும் வரமிளகாயும் என்னைச் சுற்றி, பிராய் (அந்நாட்டுத் தணல் இறைச்சி) சுடும் அடுப்பில் போட்டார். தீ பளிச்சென்று மஞ்சளானது. சோடியம்! பகலெல்லாம் பார்க்கும் அதே 589. தீயிலும் மோதல்தான் அணுவைக் கிளர்த்துகிறது. ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜன் மோதி அந்த ஆற்றலைத் தன் அதிர்வுக்கு வாங்கிக்கொண்டும் விடும். கிளர்ந்த அணுக்களில் பெரும்பாலானவை ஒளிவிடாமலே அணைந்துபோவது அதனால்தான்.

அதே காரணத்தால் ஆய்வகத்தில் காற்றுக்கு இடமில்லை. சோடியத்தை ஆவியாக்கும் வெப்பக்குழாய் அடுப்பில், அதைச் சுற்றி ஆர்கான் வாயு இருக்கும். ஆர்கானின் முதல் கிளர்நிலையே 11.5 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சோடியம் 2.1 கொடுத்தாலும் அதற்கு வாங்கத் தெரியாது. 589 என்பது உண்மையில் 589.0, 589.6 என்ற இரட்டைக் கோடுகள்; அவற்றுக்குரிய நிலைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அணுவைத் தள்ளிவிட மட்டும் ஆர்கானுக்கு முடியும், ஏனென்றால் அந்த இடைவெளி மிகச் சிறியது. மஞ்சள் ஒளி திடீரென்று மங்கினால் லேசரைக் குறை சொல்வதற்கு முன் குழாயில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு வாரம் லேசரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி பச்சை. கிளர்ந்த இரண்டு அணுக்களின் கூட்டு ஆற்றல் 4.21 எலக்ட்ரான் வோல்ட். சோடியம் அணு ஏறக்கூடிய மேல்படிகளில் 4டி என்ற நிலை 4.28-இல் இருக்கிறது, 5எஸ் என்ற நிலை 4.12-இல். முதலாவதற்குக் கொஞ்சம் குறைகிறது, இரண்டாவதற்குக் கொஞ்சம் மிஞ்சுகிறது. அடுப்புச் சூட்டில் அணுக்கள் ஓடும் வேகமே அந்தச் சில்லறையைச் சரிசெய்துவிடும். 4டி-யிலிருந்து 2.1 படிக்கு இறங்கும்போது வருவதுதான் நீங்கள் பார்த்த 568.8 நானோமீட்டர் பச்சை. 5எஸ்-ஸிலிருந்து 616-இல் ஒரு செம்மஞ்சளும் வரும், தேடிப் பாருங்கள்.

ஒரே அணு இரண்டு ஃபோட்டானை விழுங்குவதாக வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்கிறது. 4டி-க்கு அப்படி ஏற வேண்டுமென்றால் லேசர் சுமார் 579-இல் இருக்க வேண்டும், 5எஸ்-ஸுக்கு சுமார் 602. உங்களுடையது 589.

சரி, கிளர்ந்த அணு ஒன்று 16 நானோ நொடிதான் தாங்கும், அதற்குள் இன்னொன்றை எங்கே சந்திக்கும் என்று கேட்கலாம். ஆவி அடர்ந்திருந்தால் ஓர் அணு விட்ட ஒளியைப் பக்கத்து அணு விழுங்கிக்கொள்ளும், அது விட்டதை அடுத்தது. ஒளி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கைமாறிக் கிடக்கும். அதனால் கிளர்ச்சி மைக்ரோ நொடிக் கணக்கில் நீள்கிறது, மோதலுக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது, அங்கே எல்லாரும் சபித்த லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு. மதியம் இரண்டு மணி நேரம் மின்சாரம் போகும். வந்ததும் லேசர் சீக்கிரம் எழுந்துவிடும், அடுப்பு எழாது. சும்மா உட்கார்ந்து வெப்பமானியையும் நிறமாலைமானியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். 150 டிகிரி தாண்டும்போதே குழாய்க்குள் மஞ்சள் கோடு கண்ணுக்குத் தெரியும். 568.8 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. 280 டிகிரியை நெருங்கும்போதுதான், அதாவது ஆவியழுத்தம் ஒரு பாஸ்கலைத் தொடும்போதுதான், பச்சை தலைகாட்டும். அந்த அழுத்தமே நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்கு! மஞ்சளுக்கு ஓர் அணு போதும், பச்சைக்குக் கிளர்ந்த இரண்டு அணுக்கள் சந்திக்க வேண்டும்.

இந்தக் கைமாற்றல் லேசர் காலத்துக்கு முன்பே தெரிந்ததுதான். 1920-களின் தொடக்கத்தில் காரியோ, ஃபிராங்க் என்ற இயற்பியலாளர்கள் பாதரசம், தாலியம் இரண்டின் ஆவிகளையும் கலந்து, பாதரசம் மட்டுமே விழுங்கும் 253.7 நானோமீட்டர் புறஊதா ஒளியைக் காட்டினார்கள். ஒளிர்ந்தது தாலியம், 535-இல், நல்ல பச்சையாக.

உங்கள் குழாயில் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. அடுப்புச் சூட்டை மாற்றாமல், லேசரின் முன் மங்கலாக்கும் வடிகட்டி ஒன்றை வைத்து மஞ்சள் ஒளிர்வைப் பாதியாக்குங்கள். பச்சை பாதியாக நிற்காமல் கால்வாசிக்கு விழுந்தால் அது சீட்டுக்காசுதான். மஞ்சளின் அலை பச்சையை மூழ்கடித்துவிடும், ஆகவே வெறுங்கண்ணால் தேடாதீர்கள், 568.8-க்கான குறுகிய வடிகட்டி வேண்டும்.