தண்டைத் தடவிப் பார்ப்பது

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். அடுத்த வாரம் இம்யூனோதெரபி ஊசி தொடங்குகிறார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "எதிர்ப்புச் சக்தி இல்லை, அதான் வந்துவிட்டது, நீ சரியாகக் கவனிக்கவில்லை" என்கிறார்கள். அப்படியா? செல்லுக்கு உள்ளே கெட்டது நடப்பது வெளியே இருக்கும் அணுவுக்கு எப்படித் தெரியும்? இது சத்து ஊசி மாதிரியா?

வாசகி, ஏற்காடு

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவுக்கு இது வந்ததற்கு உங்கள் கவனிப்பு காரணம் இல்லை. அதை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

என் தாத்தா சேர்வராயன் மலையில் காபி எஸ்டேட் மேஸ்திரி. அராபிகா செடியின் தண்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிக்கொண்டே போவார். உள்ளே தண்டுத் துளைப்பான் புழு குடைந்திருந்தால் பட்டையில் வரி வரியாகப் புடைத்திருக்கும். இலை பச்சையாக இருந்தாலும் பிடுங்கி எரித்துவிடுவார்கள். விட்டால் வண்டாகி அடுத்த செடிக்குப் போய்விடும்.

நம் செல்லும் உள்ளே நடப்பதை வெளியே காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தான் செய்யும் புரதங்களை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமிலம் நீளத் துணுக்குகளை எம்.எச்.சி. என்ற தாங்கியில் ஏந்தி மேற்பரப்பில் வைக்கிறது. வைரஸ் புகுந்தால் அதன் துணுக்கும் அங்கே வந்துவிடும். எதிர்ப்புச் சக்தியின் காவல்காரர்களில் ஒன்றான டி செல் என்ற வெள்ளையணு தடவிப் பார்ப்பது இதைத்தான். வைரஸ் துணுக்கு மட்டும் போதாது, நம் சொந்தத் தாங்கியில் அது இருக்க வேண்டும் என்று 1970களில் கான்பெராவில் எலிகளை வைத்துக் காட்டியவர்கள் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும். 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அந்நியத் துணுக்கு தட்டுப்பட்டால் டி செல் அந்தச் செல்லோடு ஒட்டிக்கொள்ளும். பெர்ஃபோரின் என்ற புரதம் சவ்வில் துளை போட, கிரான்சைம் உள்ளே போய் அந்தச் செல்லையே தன்னை முடித்துக்கொள்ள வைக்கும். செல் வெடித்துச் சிதறாது, சுருங்கி உதிரும். மிச்சத்தை விழுங்கும் செல்கள் தின்றுவிடும். சில வைரஸ்கள் தாங்கியையே மறைத்துவிடும். அப்போது என்.கே. செல்கள் என்ற இன்னொரு வகைக் காவல் வெள்ளையணுக்கள், இருக்க வேண்டியதைக் காணோமே என்று அந்தச் செல்லைத் தாக்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது.

சரி, இவ்வளவு இருந்தும் புற்று எப்படித் தப்புகிறது? அது நம் சொந்தச் செல், வித்தியாசம் கொஞ்சம்தான். அப்புறம், நல்ல செல்லைத் தாக்கிவிடாமல் இருக்க டி செல்லில் பிடி-1 என்றொரு பிரேக் உண்டு. பல புற்றுச் செல்கள் அந்தப் பிரேக்கை அழுத்திவிடுகின்றன. கட்டிக்குள்ளேயே வந்து சேர்ந்த டி செல்கள்கூட ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். இதைச் சக்தி இல்லாத உடம்பு என்று எப்படிச் சொல்வது?

பிடி-1ஐக் கண்டறிந்த தசுக்கு ஹோஞ்சோவுக்கும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை விடுவித்துப் புற்றை எதிர்க்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. அப்பாவுக்குப் போடுவதும் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சத்து ஊசி இல்லை, பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் ஊசி. எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்டவர்கள் சிலருக்கு வருடக்கணக்கில் பலன் நிற்கிறது.

பிரேக் விடுபட்ட செல்கள் குடல், நுரையீரல், தைராய்டு மேலும் பாயலாம். பேதியோ மூச்சுவாங்கலோ புது இருமலோ வந்தால், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், கடைசி ஊசி போட்டு மாதங்கள் ஆகியிருந்தாலும்.