இரைப்பைச் சுருக்க அறுவை முடிந்து ஐந்து ஆண்டுகளில் எடை மீண்டும் ஏறுகிறது. வயிறு விரிந்துவிட்டதா?

ஓரளவு விரியும், அது இயல்பு. ஆனால் நாகர்கோவில்காரரான நீங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது சாயங்காலத்தை. நேந்திரங்காய் சிப்ஸும் சீனி போட்ட சாயாவும் சுருங்கிய இரைப்பையில் அதிக நேரம் தங்குவதில்லை. வயிறு நிறைந்த உணர்வே வராது, கலோரி மட்டும் சேரும். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இலைக்கு வந்தால் மீன் துண்டை முதலில் நன்றாக மென்று முடியுங்கள். கிழங்கு மிஞ்சினால் மிஞ்சட்டும், வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்! நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடியுங்கள். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அவை ஆயுள் முழுவதற்கும். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. அடிக்கடி வாந்தியோ நெஞ்செரிச்சலோ இருந்தால் அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள்.