கேட்டைப் பூட்டிவிட்டார்கள், சம்பளம் வருமா?

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளி நான். சக தொழிலாளியை சஸ்பெண்ட் செய்ததற்காக 140 பேர், நோட்டீஸ் கொடுக்காமல், மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தோம். நான்காம் நாள் ஷிப்டுக்குப் போனால் கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இருபது நாளாகியும் திறக்கவில்லை. சம்பளம் இல்லை, மேற்கொண்டு எட்டு நாள் சம்பளமும் பிடிப்போம் என்கிறார்கள். செய்ய முடியுமா?

பதில்: அந்த மூன்று நாள் சம்பளத்தை மறந்துவிடுங்கள். முன்பு பஸ், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளுக்குத்தான் சட்டப்படி முன்நோட்டீஸ் கட்டாயம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, எல்லாத் தொழிற்சாலைக்கும் 14 நாள் நோட்டீஸ் என்று ஆக்கிவிட்டது. பாதிப் பேர் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான். ஆக, உங்களுடையது சட்டவிரோதம். அதன் விளைவாக அறிவித்த கதவடைப்பை சட்டவிரோதம் என்று சொல்லவும் முடியாது.

இருபது நாள் கணக்கு வேறு. கதவடைப்பைத் தொடங்கியது சரியாக இருக்கலாம், அதை இழுத்தடித்தது சரியா? கல்கத்தா இந்தியா மரைன் சர்வீஸ் வழக்கில் இரண்டு தரப்பிலும் தப்பு என்று பார்த்து, கதவடைப்புக் காலத்துக்குப் பாதிச் சம்பளம் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதனால், இழுத்தடித்தது யார் என்பது ஒரு தேதியில் வந்து நிற்கிறது: வேலைக்குத் திரும்பத் தயார் என்று எப்போது எழுதிக் கொடுத்தீர்கள்? கேட்டில் நின்று வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். இதுவரை எழுதவில்லை என்றால் இன்றே சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதி, நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலிலும் லேபர் ஆபீஸில் சமரச அதிகாரியிடம் நேரிலும் கொடுங்கள். நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள்.

'லே-ஆஃப் (மூலப்பொருள், மின்சாரம் இல்லாதது போன்ற காரணங்களால் கம்பெனி தற்காலிகமாக வேலை தராதது) மாதிரி பாதிச் சம்பளம் கேள்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கோத்தகிரி கயர்பெட்டா எஸ்டேட் வழக்கில், கதவடைப்பு வேறு, லே-ஆஃப் வேறு என்று 1960-லேயே முடிந்த விஷயம் அது.

அப்புறம் அந்த எட்டு நாள். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, நோட்டீஸும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் போனால் எட்டு நாள் வரை பிடிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால், நோட்டீஸ் தராவிட்டால் இவ்வளவு பிடிக்கலாம் என்பது உங்கள் வேலை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பல கம்பெனிகள் இதைப் பார்க்காமலேயே மிரட்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, அப்படி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிடித்தத்தை எதிர்த்து தனியாக மனு போடலாம்.

கேட் நோட்டீஸைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கிழிப்பதற்குள்.