மதுரை மாநகராட்சியில் 'உரிமைத் துறை' கேட்கலாமா?

கேள்வி: பாகுபாடு குறித்த புகார்களை விசாரிக்க அமெரிக்காவின் சில நகரங்களில் நகர நிர்வாகமே தனித் துறை வைத்திருப்பதாகப் படித்தோம். மதுரை மாநகராட்சியிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று செல்லூரிலுள்ள எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் கருத்துச் சொல்ல விரும்புகிறது. யாரிடம், எப்படிச் சொல்வது?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் 'தனித் துறை வேண்டும்' என்று மட்டும் எழுதினால், மாநகராட்சித் தலைமை அலுவலகமான அண்ணா மாளிகையில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்வார்கள், அதோடு சரி. அலட்சியம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தானே சட்டம் இயற்றித் தடைசெய்தது. அதனால் புகாரை விசாரிக்கும் பொறுப்பையும் தன் அலுவலகத்திடமே ஒப்படைக்க முடிந்தது. நம் மாமன்றத்துக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. மாநிலச் சட்டம் வகுத்த எல்லைக்குள்தான் அது தீர்மானம் போட முடியும்.

இதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது. சட்டப்படி மாநகராட்சியில் ஏற்கெனவே இருக்க வேண்டியவர்களைத் தேடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 23ஆம் பிரிவின்படி ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 11ஆம் பிரிவின்படி ஒரு புகார் அலுவலர். பணியிடப் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு. இவர்கள் யார், எங்கே உட்காருகிறார்கள், கடந்த ஆண்டு எத்தனை புகார்கள் வந்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் முழுமையாக வந்தாலும் அரைகுறையாக வந்தாலும் அதுதான் உங்கள் மனுவின் முதல் இணைப்பு.

பிறகு கோரிக்கையை இப்படி வையுங்கள்: இவர்கள் அனைவரையும் ஒரே உரிமைப் பிரிவின் கீழ் கொண்டுவர வேண்டும், அந்தப் பிரிவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். இது புதிய சட்டம் தேவைப்படாத வேலை. மாமன்றத் தீர்மானமும் ஆணையாளரின் உத்தரவும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

மனுவின் உயிர் சம்பவங்களில் இருக்கிறது. 'எங்கும் பாகுபாடு' என்று எழுதாதீர்கள். எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நாள், வார்டு, இடம், நடந்தது என்ன என்று எழுதுங்கள். அந்த இடம் மாநகராட்சியின் கட்டுப்பாட்டில் இருந்தால் மனு இன்னும் வலுப்பெறும். வாடகைக்கு விட்ட கடை, சமுதாயக் கூடம், பொதுக் கழிப்பறை, மயானம், சாய்தளம் இல்லாத மண்டல அலுவலகம், இப்படி. பாதிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

தீண்டாமையும் வன்கொடுமையும் இந்த மனுவில் அடங்குபவை அல்ல; அவை குற்றங்கள், காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவை. உதவி எண் 14566. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் எழுதலாம். நகரப் பிரிவு வரும்வரை இவற்றைக் கிடப்பில் போடக் கூடாது.

மனுவை நான்கு பிரதிகள் எடுங்கள். மேயர், ஆணையாளர், உங்கள் வார்டு உறுப்பினர் ஆகியோருக்கு ஒவ்வொன்று. நான்காவதில் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகுதி சபைக் கூட்டத்திலும் எழுப்பி, கூட்டப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை மறுத்துவிடலாம், பதிவேட்டில் ஏறியதை மறுப்பது கடினம்.

வாடகை வீடு பற்றித் தனியாக எழுத வேண்டும். தீண்டாமையின் பேரில் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்கவிடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் மதத்தைக் காரணம் காட்டித் தனியார் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் நேரடியாகத் தண்டிக்கப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. உண்மையான ஓட்டை இதுதான், மாநகராட்சியால் அடைக்க முடியாதது. இதற்குச் சட்டமன்ற உறுப்பினருக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். சட்டம் வரட்டும் என்று மதுரை எப்போதும் காத்திருந்ததில்லை: 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை தீண்டாமையால் அனுமதிக்கப்படாதவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள், அப்படி நுழைந்தவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் அதன் பிறகுதான் வந்தது. அந்தக் கடிதத்தில் வாடகை மறுக்கப்பட்ட நாளையும், சொல்லப்பட்ட காரணத்தையும், விளம்பரப் பலகையின் புகைப்படம் இருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.