பலகையில் ஒன்று செய்து காட்டினால் போதுமா?

கேள்வி: கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் கணிதப் பகுதித் தலைவராக இருக்கிறேன். செய்து காட்டிய கணக்குகளைக் கொண்டு கற்பிப்பது பற்றி ஆசிரியர்களுக்கு இரண்டு மணிநேரப் பயிற்சி நடத்தச் சொல்கிறார் அதிபர். "அதைத்தானே தினமும் செய்கிறோம், சேர்" என்கிறார்கள் அவர்கள். எங்கே தொடங்குவது?

பதில்: அவர்கள் சொல்வது பாதி உண்மை. பலகையில் ஒன்றைச் செய்துவிட்டு, "சரி, பயிற்சியில் உள்ள பத்தையும் செய்யுங்கள்" என்று உட்கார்ந்துவிடுவதுதான் நம் வழக்கம் (நானும் பல வருடம் அப்படித்தான்). அந்த ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில்தான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜோன் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985 இல் வெளியிட்ட அட்சரகணித ஆய்வில், செய்த கணக்கு ஒன்று, உடனே அதே மாதிரிச் செய்யாத கணக்கு ஒன்று எனச் சோடியாகக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தாமே செய்தவர்களைவிட இந்த மாணவர்களுக்கு நேரமும் குறைவு, ஒத்த கணக்குகளில் பிழையும் குறைவு. வழி தேடி அலைவதிலேயே மனம் நிறைந்துவிட்டால், கற்க இடம் மிஞ்சாது.

இதை விரிவுரையாகச் சொன்னால் கொட்டாவிதான் வரும். உங்கள் வணிகக்கல்வி ஆசிரியரிடம் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று (நம் ஏட்டு மீதியையும் வங்கி காட்டும் மீதியையும் பொருத்திக் காட்டும் கணக்கு) இரண்டு கேளுங்கள். முதலாவதை விளக்கமில்லாமல் கணித ஆசிரியர்களிடம் கொடுங்கள். பத்து நிமிடம் திணறட்டும். அப்புறம் வரிக்கு வரி செய்து முடித்த பிரதியைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைச் செய்யச் சொல்லுங்கள். தரம் 9 பிள்ளையின் பாடு அப்போது புரியும்.

மிச்ச நேரம் முழுவதும் ஒரே வகைக் கணக்கில் இருங்கள். 20% கழிவில் 4000 ரூபாவுக்கு வாங்கிய மின்விசிறியின் குறித்த விலை என்ன? 4000 இன் 20% ஐக் கூட்டி 4800 என்று எழுதும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. செய்த கணக்கில் "குறித்த விலை 100 ரூபா எனின் விற்ற விலை 80 ரூபா" என்ற வரிதான் உயிர். அதன் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதவேண்டும்: கழிவு எதன் 20%? அதற்குப் பிள்ளை வாய்விட்டுப் பதில் சொன்ன பிறகே 5000 க்குப் போகலாம். அடுத்த கணக்கில் கடைசி வரியை மட்டும் வெறுமையாக விடுங்கள், அதற்கடுத்ததில் கடைசி இரண்டு வரிகளை. இப்படியான மூன்று தாள்களை ஒவ்வொரு ஆசிரியரும் அங்கேயே தயாரிக்கவேண்டும். வீட்டில் செய்து வருகிறோம் என்றால் விடாதீர்கள், வராது.

கேத்திரகணிதமானால் கோணங்களை உருவத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். உருவம் மேலே, விளக்கம் கீழே என்றிருந்தால் கண் ஓடியே களைத்துவிடும்.

"கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் இதுவா?" என்று யாராவது கேட்பார்கள். தேவையில்லை. வழி தெரிந்தவருக்குச் செய்த கணக்கு வெறும் சுமை. அவர்களிடம் சாதாரண தரப் பழைய வினாத்தாளை நேரே நீட்டிவிடலாம்.